அச்சேறாத ஒரு வரி

பின்னர் நான் அன்ரி என்று கூப்பிடப் பழகிய அந்த அம்மா முதன்முதலாக எங்கள் அலுவலகத்துக்கு வந்த அன்று, வாசலிலேயே சப்பாத்துகளைக் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு ஈரத் தரையில் நின்றார். பனிக்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு அந்தச் சப்பாத்துகளில் வெள்ளைக் கோடுகளாகக் காய்ந்திருந்தது. கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் நிலக்கீழ் அறையில் இயங்கிய தமிழ் வாரப் பத்திரிகை அது. நான் அங்கே பக்கங்களை வடிவமைக்கும் வேலையில் இருந்தேன். நேரில் வருகிறவர்கள் பெரும்பாலும் மரண அறிவித்தல் கொடுக்கத்தான் வருவார்கள். ஆகவே ஆசிரியர் வழக்கம்போல எழுந்து நின்று, குரலைத் தாழ்த்தி, யார் தவறினது என்று கேட்டார். அன்ரி ஒரு கணம் குழம்பிப்போய் அவரைப் பார்த்தார்.

"ஒருத்தரும் சாகேல்லைத் தம்பி. நான் ஒரு கதை கொண்டு வந்தனான்" என்றார்.

பைக்குள் இருந்தது ஒரு வரலாற்று நாவலின் முதல் நான்கு அத்தியாயங்கள். காலம் கடந்துபோன கண்காட்சித் துண்டுப்பிரசுரங்களின் வெற்றுப் பக்கத்தில், நீலப் பேனையால், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதப்பட்டிருந்தன. ஒரு தாளைத் திருப்பினால் டைனோசரின் எலும்புக்கூடு, இன்னொன்றைத் திருப்பினால் சீனத்துச் சாடி. அன்ரி நகரின் பெரிய அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலை செய்தார். வெக்ஸ்போர்ட்டில் ஓர் ஒற்றைப் படுக்கையறை அப்பார்ட்மென்ட்டில் தனியாக இருந்தார். விடிவதற்கு முன்னரே லோரன்ஸ் வீதி பஸ்ஸைப் பிடித்து, சுரங்க ரயிலுக்கு மாறி வேலைக்குப் போவார். ஆறு வருடமாக அவருடைய பொறுப்பில் இருந்தது எகிப்திய மண்டபம். கண்ணாடிப் பெட்டிகளில் படியும் கைரேகைகளைத் துடைப்பதுதான் வேலையின் பெரும்பகுதி.

அங்கே தாடி வைத்த ஒரு மன்னனின் தலை இருந்ததாம். பழைய காலத்து ராசா என்று நினைத்துக்கொண்டு வருடக்கணக்காக அதைச் சுற்றித் துடைத்திருக்கிறார். ஒருநாள் காவலாளி ஒருவர் பேச்சுவாக்கில், அது ஆணல்ல, பெண் என்று சொல்லியிருக்கிறார். கணவன் இறந்தபின் சின்னப் பிள்ளையின் சார்பில் ஆட்சியை எடுத்து, பிறகு தானே மன்னனாக முடிசூடி, ஒட்டுத்தாடி கட்டிக்கொண்டு அரசாண்ட பெண். அவள் இறந்தபின் அவளுடைய உருவங்களையும் பெயரையும் சுவர்களிலிருந்து கொத்தி எடுத்துவிட்டார்கள். அன்றைக்கே அன்ரி நூலகத்துக்குப் போயிருக்கிறார். மன்னார்க் கரையில் தமிழில் படித்து வளர்ந்தவர். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு வருடம் ஆங்கிலப் புத்தகங்களை வாசித்துவிட்டுத்தான் பேனையைத் தொட்டாராம். அரசிக்கு ஏன் நாவலில் பெயரே இல்லை என்று ஆசிரியர் கேட்டபோது, "எனக்கே அந்தப் பேர் வாயில வருகுதில்லை, வாசிக்கிற சனத்துக்கு எங்கை வரப்போகுது" என்றார். நாவல் முழுவதும் அவள் வெறும் 'அரசன்'தான். பெண்ணாயிருந்தும் அரசன்.

கதையைச் சொல்வது அந்த அரசன் அல்ல, அவளுக்குப் பாலூட்டி வளர்த்த செவிலி. ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து அரண்மனைக்கு வந்தவள். தான் தூக்கி வளர்த்த பிள்ளை அதிகாரத்தின் ஒவ்வொரு படியாக ஏற ஏற, அவளுக்கு அந்தப் பிள்ளையைத் தொடுகிற உரிமை குறைந்துகொண்டே போகிறது. முதலில் தலை வாரிவிடும் வேலை பறிபோகிறது. பிறகு ஒரே அறையில் படுப்பது. கடைசியில், மற்ற எல்லோரையும்போல மண்ணில் முகம் பதியக் கிடந்து வணங்க வேண்டியவளாகிறாள். நான் அதுவரை வாசித்திருந்த சரித்திரக் கதைகளில் அரண்மனை என்றால் வாளும் காதலும் சதியும்தான். இதில் அரண்மனை என்பது எவரெவர் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்கிற கணக்காக இருந்தது.

ஆசிரியர் கதையைத் தொடராகப் போடச் சம்மதித்தார். அன்ரியின் பெயரைப் போடவில்லை. இரண்டு தலைப்பெழுத்துகளும் ஊரின் பெயரும் மட்டும் போட்டார். அதைப் பார்த்த எவரும் ஓய்வுபெற்ற ஆண் பேராசிரியர் ஒருவரைத்தான் நினைத்திருப்பார்கள். வாசகர் கடிதங்கள் 'மதிப்புக்குரிய ஐயா' என்றுதான் தொடங்கின. ஒருவர், பெண்களின் மனதை ஐயா இவ்வளவு நுட்பமாக அறிந்திருப்பது வியப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். நான் அதை அன்ரிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, தாடி கட்டினால்தான் கும்பிடுவார்கள் என்றால் கட்டிவிட்டுப் போவதுதானே என்றார்.

செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிந்து நேராக அலுவலகத்துக்கு வருவார். என்னருகே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பார். நான் தட்டச்சுச் செய்வேன். நான் கலியாணம் கட்டி இந்த நாட்டுக்கு வந்து அப்போது நான்கு வருடம். கணவர் பிறம்ரனிலிருந்து பாரவண்டி ஓட்டினார். திங்கட்கிழமை போனால் வெள்ளியோ சனியோதான் வருவார். வாரத்தின் நடுவே என்னோடு ஒரு முழு வாக்கியம் பேசுகிற ஒரே ஆள் அன்ரிதான். அந்த வாக்கியங்களும் மூவாயிரம் வருடத்துக்கு முந்திய ஒரு செவிலியுடையவை. அன்ரி என்னைப் பற்றிக் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. கணவர் இறந்து கனகாலம், கனடாவுக்குத் தம்பி கூப்பிட்டவர், அந்தத் தம்பி இப்போது வேறு மாகாணத்தில் இருக்கிறார் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

இலையுதிர் காலத்தில் வந்த ஓர் அத்தியாயம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அரசன் ஊர்வலம் வரும்போது செவிலி தன்னை மறந்து தலையை நிமிர்த்திப் பார்த்துவிடுகிறாள். காவலன் தடியால் அடிக்கிறான். அரசன் அதைப் பார்க்கிறாள். ஒன்றும் சொல்லாமல் கடந்து போகிறாள். அது வெளிவந்து இரண்டு வாரம் கழித்து, திட்டத்தில் இல்லாத ஓர் அத்தியாயத்தை அன்ரி கொண்டுவந்தார். நாவலில் முதல் தடவையாகக் கதை செவிலியை விட்டு விலகி அரசனின் பக்கம் போனது. ஊர்வலம் முடிந்து திரும்பிய அரசன் நித்திரையில்லாமல் கிடக்கிறாள். வாசலுக்கு வெளியே படுத்திருக்கும் அடிமைப் பெண்ணிடம் தன் செவிலியின் தோளில் காயம் ஆழமா என்று கேட்கக்கூட அவளால் முடியவில்லை. கேட்டால் கேட்டது நாளைக்கு அரண்மனை முழுக்கத் தெரிந்துவிடும். அதை வாசிக்கும்போது அன்ரியின் குரல் வேறு மாதிரி இருந்தது. ஏனென்று நான் கேட்கவில்லை.

பிறகு ஊரில் யுத்தம் முடிவை நோக்கிப் போன மாதங்கள் வந்தன. பத்திரிகையின் பக்கங்கள் ஒவ்வொன்றாக வன்னிச் சண்டைச் செய்திகளுக்குப் போயின. சமையல் குறிப்பு நின்றது, சினிமாப் பக்கம் நின்றது. ஆசிரியரின் மேசையைச் சுற்றி எந்த நேரமும் ஆண்கள் நின்று வரைபடத்தில் ஊர்களைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வாரமும் அவர்கள் தொடும் இடம் கடற்கரைக்குக் கிட்டவாகப் போனது. என் குடும்பம் யாழ்ப்பாண நகரத்தில் இருந்தது. தொலைபேசி எடுத்தால் அம்மா கதைப்பார். அதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. நகரின் நடுவே சனம் பதாகைகளோடு தெருவில் நின்றது. அன்ரியின் தொடர் மட்டும் கடைசிக்கு முந்திய பக்கத்தில் எப்படியோ தப்பிக்கொண்டிருந்தது.

சித்திரை மாதத்தில் அதற்கும் தொலைபேசி வரத் தொடங்கியது. கதையில் அப்போது அரசனுக்கு வயதாகிவிட்டது. படைகள் எதிர்ப்பக்கம் போய்விட்டன. அரண்மனைக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. இந்த அரசன் என்று யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். இந்த நேரத்தில் இப்படி ஒரு கதை எழுதுகிற அந்த ஐயா ஆர் என்று கேட்டார்கள். ஆசிரியர் கெட்டவர் அல்ல. அவருடைய தமையனின் குடும்பம் அந்தக் கடற்கரையில் சிக்கியிருந்தது. நாட்கணக்காகச் சவரம் செய்யாத முகத்தோடு, கேட்பவர்களுக்கெல்லாம் இது எகிப்துக் கதை, இது எகிப்துக் கதை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அன்ரி கொண்டுவந்த அத்தியாயத்தில், பல வருடத்துக்குப் பின் செவிலி அரசனின் அறைக்குள் அனுமதிக்கப்படுகிறாள். காவலர்களே போய்விட்டதால் தடுக்க ஆளில்லை. செவிலி அவளுடைய ஒட்டுத்தாடியின் முடிச்சை அவிழ்த்துவிட்டுச் சொல்கிறாள்: "நீ அரசனாக இருந்தது போதும் மகளே, என் பிள்ளையாக என்னோடு வந்துவிடு."

அன்ரி போனபின் ஆசிரியர் நான் தட்டச்சுச் செய்த படியை வாசித்தார். பிறகு என் மேசைக்கு வந்து அந்த வரியில் விரலை வைத்தார். இதை மட்டும் எடுத்துவிடு, இந்த வாரம் இது சரணடையச் சொல்வதுபோல வேறு மாதிரி விளங்கும், எழுதின அக்காவுக்கு நான் சொல்கிறேன் என்றார். நான் எடுத்தேன். ஒரு விசையை அழுத்துகிற வேலை. அதைவிட வெட்கமான ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த வரி போனதும் பத்தி மேலே ஏறி, கீழே இருந்த கறுப்புக் கட்டத்து மரண அறிவித்தலுக்குச் சரியாக மேலே வந்து நின்றது. பக்கம் பொருந்திவிட்டது என்று எனக்கு ஒரு சின்னத் திருப்தி வந்தது.

ஆசிரியர் அன்ரிக்குச் சொல்லவில்லை. மறந்தாரோ, துணிவு வரவில்லையோ தெரியாது. பத்திரிகை வெளியான மறுநாளே அன்ரி வந்தார். செவ்வாய்க்கிழமை அல்லாத ஒருநாளில் அவர் வந்தது அதுவே முதல் தடவை. ஆசிரியரின் அறைப்பக்கம் திரும்பவில்லை. என்னிடம் வந்து, பிளாசாவில் இருந்த கோப்பிக்கடைக்கு வரச் சொன்னார்.

"ஆர் பிள்ளை எடுத்தது?"

"நான்தான் அன்ரி."

அவர் தலையை ஆட்டினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோப்பி ஆறும்வரை வெளியே கார்கள் நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தனக்கு ஒரு மகள் இருப்பதாகச் சொன்னார்.

பதினேழு வயதில், உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, அந்த மகள் ஒருநாள் காலை பள்ளிக்கூடப் பையை மேசையில் வைத்துவிட்டுப் போராட இயக்கத்துக்குப் போய்விட்டாள். எவரும் பிடித்துக்கொண்டு போகவில்லை, தானாகப் போனாள். அன்ரி முகாம் வாசலில் போய் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் மகள் வெளியே வந்தாள். இடுப்பு வரை இருந்த தலைமயிரைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். வீட்டுக்குப் போகும்படி சொன்னாள். பிறகு திரும்பி, அங்கே நின்றவர்களிடம் ஏதோ சொன்னாள்.

"ஒரு சொல்லுத்தான் சொன்னவள். நாலு ஆம்பிளையள் ஓடினவை. ஆம்பிளையள் ஒரு பொம்பிளையின்ரை சொல்லுக்கு ஓடினதை நான் அதுக்கு முதல் பாத்ததில்லை. எனக்கு வந்தது பயமோ பெருமையோ எண்டு இண்டைக்கும் தெரியாது பிள்ளை."

அதற்குப் பிறகு ஒரு பெரிய படைப்பிரிவுக்குப் பொறுப்பானவளாக மகள் வளர்ந்தாள். சமாதான காலத்தில் கனடாவுக்கு வரச்சொல்லி அன்ரி கெஞ்சியபோதும் மறுத்துவிட்டாள். எங்கள் பத்திரிகை இணையத்திலும் வரும். போன இலையுதிர் காலத்தில், அவள் இருந்த பகுதியில் இன்னும் தொடர்புகள் அறுபடாத நேரம், ஒருநாள் அன்ரிக்கு அழைப்பு வந்தது. இரண்டு நிமிடம்கூட இல்லை. அம்மா, செவிலி நீங்கள்தானே என்று மகள் கேட்டிருக்கிறாள். பிறகு சொல்லியிருக்கிறாள்: "செவிலி தலை நிமிர்த்தினது பிழை அம்மா. ஆனா அண்டைக்கு அரசன் நித்திரை கொண்டிருக்க மாட்டாள். அதையும் எழுதுங்கோ."

அந்தத் திட்டமில்லாத அத்தியாயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதற்குப் பின் அன்ரி எழுதிய ஒவ்வொரு வரியும் ஒரே ஒரு வாசகிக்கு எழுதியது. நாங்கள் எல்லோரும் இடையில் நின்று ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

"இப்ப அங்கை கரண்டே இல்லை. அவள் வாசிக்கமாட்டாள் எண்டு எனக்குத் தெரியும்" என்றார் அன்ரி. "ஆனா நான் சொல்லாமல் விடேல்லை எண்டு எங்கையாவது இருக்க வேணும். அதுக்குத்தான் எழுதினனான்."

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயந்து, கோப்பையின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் அந்த வரியைப் போட்டுவிடலாம் என்று மட்டும் சொன்னேன். வேண்டாம் என்றார். எழுதிய தாள்களைத் திருப்பிக் கேட்டார். கீழே அலுவலகத்துக்குப் போய் எடுத்து வந்து கொடுத்தேன். தொடர் அத்தோடு நின்றது. ஏன் நின்றது என்று கேட்டு ஒரு கடிதம்கூட வரவில்லை. அந்த நாட்களில் எவருக்கும் அதற்கு மனம் இருந்திருக்காது.

நான்கு வாரம் கழித்து யுத்தம் முடிந்தது. அன்று நானும் நகரின் நடுவே, அகலமான வீதியில் சனத்தோடு நின்றேன். சிலர் அழுதார்கள், சிலர் அது பொய்ச்செய்தி என்று சத்தம் போட்டார்கள், அதிகம் பேர் என்ன செய்வதென்று தெரியாமல் தொலைபேசியைப் பார்த்தபடி நின்றார்கள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. எனக்கு வன்னியில் எவரும் சாகவில்லை என்பது நெற்றியில் எழுதியிருப்பதுபோல ஒரு உணர்வு. வடக்கு நோக்கி நடந்தேன். அரை மணிநேரத்தில் அருங்காட்சியகம் வந்தது.

அன்ரி வேலைக்கு வந்திருந்தார். நீலச் சீருடையில், ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் கடந்துபோன பின், கண்ணாடியில் பிள்ளைகள் கைவைத்த இடங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஆச்சரியப்படவில்லை. கையைக் காட்டி ஒரு சுவருக்கு முன்னால் கூட்டிப்போனார். எகிப்தியக் கோயில் ஒன்றின் சுவரை அச்செடுத்துச் செய்த சாந்துப் பிரதி அது. வரிசையாகப் பணியாட்கள், பூசாரிகள், காணிக்கையோடு வந்தவர்கள். அவர்களுக்கு நடுவே ஓர் ஆளளவு வெற்றிடம். உருவத்தைக் கொத்தி எடுத்த உளியின் தழும்புகள்கூடத் தெரிந்தன.

"மினக்கெட்டுத்தான் கொத்தியிருக்கிறாங்கள்" என்றார். "ஆனா பாரும், சுத்தி நிக்கிறவை எல்லாம் இப்பவும் அவளைப் பாத்தபடிதான் நிக்கினம்."

மகளைப் பற்றி ஏதும் தெரிந்ததா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். ஏன் இன்றைக்கும் வேலைக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். வீட்டில் இருந்தால் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், இங்கே துடைக்கவாவது ஏதும் இருக்கிறது என்றார். பிறகு, உமக்கும் வீட்டில் ஆருமில்லைத்தானே, எண்டாலும் போம் பிள்ளை என்று என்னை அனுப்பிவிட்டு, அடுத்த பெட்டிக்குப் போனார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெரிய மண்டபத்தில் அவர் ஒருவர்தான் நின்றார். துணி கண்ணாடியில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

மகள் உயிரோடு இருப்பது ஐந்து மாதம் கழித்துத் தெரிந்தது. தடுப்பு முகாம் ஒன்றில், இடதுகையில் மூன்று விரல்கள் இல்லாமல். அவளை விடுதலை செய்ய இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. விட்ட செய்தி வந்த வாரமே அன்ரி வேலையை விட்டார், அப்பார்ட்மென்ட்டைக் கொடுத்தார், மன்னாருக்குப் போய்விட்டார். எனக்கு அப்போது பிள்ளை பிறந்து இரண்டு மாதம். விமான நிலையத்துக்குப் போக முடியவில்லை. நாவல் முடிக்கப்படவே இல்லை என்று பின்னால் அறிந்தேன்.

இப்போது நாங்கள் ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறோம். எல்லா வீடுகளும் ஒரே மாதிரி இருக்கிற தெரு. கராஜ் கதவு திறந்து கார் வெளியே போகும், உள்ளே வரும். மனிதரைக் காண்பது அரிது. கணவர் இன்னும் தூர ஓட்டந்தான். என் மகள் மேல்மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு ஆங்கிலத்தில் சிரிப்பாள். நான் கீழே இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் சிரிக்கிற விசயங்களில் பாதி எனக்கு விளங்குவதில்லை. அவளிடம் ஏதும் கேட்கப் போய், வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்த நாட்கள் உண்டு. அப்போதெல்லாம் அன்ரி நினைவுக்கு வருவார்.

நத்தாருக்கு நத்தார், கிறிஸ்து பிறந்த நாளில், நான் அவரை அழைப்பேன். கடந்த நத்தாருக்கும் அழைத்தேன். காலையில் சாமான் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டுக்குள் போகாமல் காருக்குள் இருந்தபடியே அழைத்தேன். அங்கே நத்தார் நாள் ஏற்கெனவே இருட்டி, இராச்சாப்பாட்டு நேரமாகிவிட்டிருந்தது. பூசை நன்றாக நடந்ததாகவும், முழங்கால் நோவு என்றும் சொன்னார். மகள் எப்படி என்று கேட்டேன். ஊர்ப் பெண்கள் மாதர் சங்கத்துக்குத் தலைவியாக இருக்கச் சொல்லிக் கேட்டார்களாம், மாட்டேன் என்றுவிட்டாளாம். நடந்த எதையும் கதைப்பதில்லையாம்.

"இப்ப அவள் அரசனும் இல்லை, பிள்ளையும் இல்லை" என்றார் அன்ரி. "என்னோடை ஒரு வீட்டில இருக்கிற பொம்பிளை. இது காணும் பிள்ளை, எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

பதினைந்து வருடமாகச் சொல்லாததை அப்போது சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. அன்ரி, அந்த வரியை நான் எடுத்தது பிழை, அதற்கு நான் உங்களிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை என்று தொடங்கினேன்.

"எந்த வரி?" என்றார்.

நான் எடுத்துச் சொன்னேன். செவிலி, தாடியின் முடிச்சு, கோப்பிக்கடை எல்லாம் சொன்னேன். ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைச் சங்கடப்படுத்தாமல் இருக்கத்தான் மறந்ததுபோலக் கேட்டார் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அந்த 'ஓம்'களில் ஒன்றும் இருக்கவில்லை. அவர் உண்மையாகவே மறந்துவிட்டிருந்தார். அந்த வரியைச் சொல்ல வேண்டிய ஆள் அடுத்த அறையில் இருக்கும்போது, அதை ஞாபகம் வைத்திருக்க அவருக்குத் தேவை இருக்கவில்லை. அது இனி எனக்கு மட்டும் சொந்தமான வரி. அதற்கு மன்னிப்புத் தரக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவரிடம் அந்த வரியே இல்லை.

அப்போது அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு பெண்குரல் கேட்டது. அந்த மகளின் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கரகரத்த, அவசரமில்லாத குரல்.

"அம்மா, சோறு ஆறுது."

"வாறன்" என்றார் அன்ரி.

அது எனக்குச் சொன்னதல்ல.